வேகம் இருந்தும் ஏன் இந்தத் தாமதம்?

ராத்திரி எட்டு மணி. வீட்டில் ஒருவர் போட்டோக்களை அப்லோடு செய்கிறார். இன்னொருவர் வீடியோ அழைப்பில் பேச முடியாமல் தவிக்கிறார். "பெரிய பிளானுக்கு மாறிவிடுங்கள்" என்பார்கள். பணம் கட்டி மாறிய பிறகும் அழைப்பு திணறினால்? வேகம் வேறு, மறுமொழி நேரம் வேறு. இந்த வித்தியாசத்தை இணைய உலகமே பட்டுத்தான் தெரிந்து கொண்டது!

1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும், 400 கெஜம் தள்ளியிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இணைப்பு படுத்துவிட்டது. நொடிக்கு 32,000 பிட் போன இடத்தில் வெறும் 40 பிட்! காரணத்தைத் தேடிய வான் ஜேக்கப்சன் 1988-ல் தீர்வை வெளியிட்டார். அனுப்பும் கணினி வேகத்தை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். ஒரு பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று புரிந்து கொண்டு குறைக்க வேண்டும். அதாவது, பாக்கெட் தொலைவது ஓர் எச்சரிக்கை மணி.

அதற்கு முன்பே, 1985-ல், ஜான் நேகிள் ஒரு விசித்திரமான கேள்வியை எழுப்பியிருந்தார். பாக்கெட்டுகளை வரிசையில் வைத்திருக்கும் பஃபர் நினைவகம் எல்லையில்லாமல் இருந்தால் நெரிசல் தீருமா? தீராது என்றார் அவர். வரிசை நீண்டு கொண்டே போகும். பாக்கெட்டுகள் காத்திருந்தே காலாவதியாகும்.

இந்த எச்சரிக்கை மறந்து போனது. காரணம், பொருளாதாரம். நினைவகத்தின் விலை சரிந்தது. பாக்கெட் தொலையாமல் இருப்பதே தரம் என்று மோடம், ரவுட்டர்களில் பெரிய பஃபர்களை வைத்தார்கள். விளம்பரங்களிலோ மெகாபிட் கணக்கு மட்டும்தான். காத்திருப்பு நேரத்தை யாரும் விற்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. அப்லோடு வேகம் நொடிக்கு 1 மெகாபிட், பஃபர் 256 கிலோபைட் என்று வையுங்கள். அது நிரம்பினால் காலியாக 2 நொடி ஆகும். பின்னால் வரும் குரல் பாக்கெட்டும் அந்த 2 நொடி நின்றே தீர வேண்டும். எதுவும் தொலையாததால் மணியும் அடிக்காது.

2010-ல் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பியபோது தாமதம் ஒரு நொடியைத் தாண்டியதைக் கண்டார். இணையம் மெதுவாக இருக்கிறது என்று வீட்டுப் பிள்ளைகள் குறை சொன்னதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. இந்த நோய்க்கு அவர் வைத்த பெயர் 'பஃபர்புளோட்', அதாவது பஃபர் வீக்கம்.

மருந்து 2012-ல் வந்தது. காத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் 'கோடல்' முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. பாக்கெட் எவ்வளவு நேரம் நிற்கிறது என்றே பார்க்கிறது. காத்திருப்பு 100 மில்லிநொடி வரை 5 மில்லிநொடிக்குக் குறையாமலே இருந்தால் பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கும். அதோடு ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை தரும் 'எஃப்க்யூ-கோடல்' அதே ஆண்டு லினக்ஸில் சேர்ந்தது. வீட்டு ரவுட்டர்களில் இதைக் கொண்டு வரப் பல ஆண்டுகள் உழைத்த டேவ் டாட் 2025-ல் மறைந்தார்.

வீட்டிலேயே சோதிக்கலாம். யாரும் இணையத்தைப் பயன்படுத்தாதபோது ஒரு பிங், பெரிய அப்லோடு ஓடும்போது இன்னொரு பிங். எண் பல மடங்கு எகிறினால் பஃபர் வீக்கம்தான். ரவுட்டரில் 'எஸ்க்யூஎம்' வசதி இருந்தால், அதில் வேகத்தை உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வைக்க வேண்டும். வீட்டில் எதுவும் ஓடாதபோதும் மாலையில் மட்டும் எண் கூடினால், நெரிசல் வெளியே இருக்கிறது. நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

பெரிய பிளானுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இந்த இரண்டு பிங்கையும் பார்த்துவிடுவது லாபம். செலவு ஐந்து நிமிடம் மட்டுமே!