பாகுநிலை எண் மறைக்கும் டீசல்: கரும்பு டிராக்டர்களின் ஆயில் அறிக்கையை வாசிப்பது குறித்து

இன்ஜின் ஆயிலில் எரிபொருள் இறங்கியிருக்கிறதா என்பதைப் பாகுநிலை ஒன்றைக் கொண்டே தீர்மானித்துவிடலாம் என்ற கருத்து நம் துறையில் ஆழ வேரூன்றியிருக்கிறது. 100 டிகிரி செல்சியஸில் அளந்த எண் தர எல்லைக்குள் நின்றால் கலப்பு இல்லை, இருந்தாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது அதன் சாரம். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டர்களுக்கு இந்த வாசிப்பு பொருந்தாது என்று கருதுகிறேன். பாரத்தோடு ஓடிவந்து, அரவைப் பருவ வரிசையில் இன்ஜினை அணைக்காமல் காத்து நிற்கும் வண்டியின் ஆயில் வேறு வகையில் கெடுகிறது.

15டபிள்யூ-40 ஆயிலுக்கு 100 டிகிரியில் எல்லை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை. 14 சென்டிஸ்டோக்ஸ் உள்ள புது ஆயிலில் 5 விழுக்காடு டீசல் கலந்தால், வழக்கமான கலவைச் சமன்பாட்டின்படி அது ஏறத்தாழ 11.6 ஆகிறது, அதாவது 40 என்ற தரத்திலிருந்து 30க்கு இறங்கிவிடுகிறது. இவ்வளவு தெளிவான வீழ்ச்சி அறிக்கையில் ஏன் தென்படாமல் போகிறது? புகைக்கரிதான் காரணம். தேய்ந்த நாசில் டீசலைத் தூளாகச் சிதறடிக்காமல் துளிகளாகச் சொட்டுகிறது. லைனர் சுவரில் படும் துளிகள் ரிங் வழியே சம்பில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கின்றன. காற்று போதாமல் அரைகுறையாக எரிந்தவை கரியாகி அதே ஆயிலைக் கெட்டியாக்குகின்றன. ஒரே பழுது இரு எதிர் விளைவுகளைத் தருவதால், அவை ஒன்றையொன்று ஈடுசெய்வதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. 13.5 என்று வரும் எண், ஆயில் நலமாக இருப்பதையும் குறிக்கலாம், இரு கேடுகள் சேர்ந்திருப்பதையும் குறிக்கலாம். அந்த எண்ணால் மட்டும் இவற்றைப் பிரித்தறிய இயலாது.

கெட்டித்தன்மை மீண்டுவிட்டால் உராய்வுக் காப்பும் மீண்டுவிட்டது அல்லவா என்று கேட்கலாம். இதுவே வலுவான மறுப்பு. ஆனால் ஏஎஸ்டிஎம் டி445 முறையில் ஆயில் கண்ணாடிக் குழாயில் தன் எடையாலேயே மெல்ல வழிகிறது. கிராங்க் பேரிங்கிலோ அது நொடிக்குப் பத்து லட்சம் என்ற அளவிலான வெட்டு வீதத்தில் நசுக்கப்படுகிறது. கரித்துகள்கள் கோத்துக்கொண்டு தரும் கெட்டித்தன்மை அந்த விசையில் பெருமளவு கலைந்துவிடும். டீசல் தந்த நீர்ப்பு கலையாது. குழாயில் தெரிந்த ஈடு பேரிங்கில் கிடைப்பதில்லை. மேலும், மெலிந்த ஆயில் படலத்தில் அதே கரித்துகள்கள் உலோகத்தை அராவுகின்றன. தேய்மானத் தடுப்புச் சேர்மங்களின் செறிவும் குறைந்திருக்கிறது. பயன்பாட்டு நிலையில் ஒவ்வொரு காரணத்தின் பங்கையும் தனித்து அளப்பது கடினம் என்பதை ஏற்கிறேன். திசையில் எனக்கு ஐயமில்லை.

ஆயில் சூடேறினால் எரிபொருள் ஆவியாகிவிடும் என்ற வாதம் 78 டிகிரியில் கொதிக்கும் எத்தனாலுக்குச் செல்லும். டீசலின் பெரும்பகுதி 180 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கிறது. சம்பின் வெப்பமோ 100 டிகிரியை ஒட்டியது. டிப்ஸ்டிக்கில் அளவு ஏறுவதே காட்டிக்கொடுக்கும் என்பது, ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கும் இன்ஜினில் நிற்காது.

எனவே வாயு குரோமட்டோகிராபி வழியே டீசல் விழுக்காட்டையோ, குறைந்தபட்சம் தீப்பற்றும் வெப்பநிலையையோ, புகைக்கரி அளவோடு சேர்த்துத் தராத எந்த அறிக்கையிலும் ‘பாகுநிலை இயல்பு’ என்ற வரியைக் கலப்பின்மைக்குச் சான்றாக ஆய்வாளர்கள் இனி எடுத்தாளக் கூடாது.