எலிக்கு வால் வந்த கதை

மறைந்த அண்ணனின் கடிதங்கள் உள்ள விண்டோஸ் 95 லேப்டாப்பில் மவுஸ் அம்பு ஓடும்போது மறைகிறது. "திரை போச்சு தாத்தா, எடைக்குப் போடலாம்" என்கிறான் பேரன். போகவில்லையப்பா!

அந்நாளைய விலை குறைந்த திரைகளில் புள்ளிக்கொரு டிரான்சிஸ்டர் கிடையாது; குறுக்கும் நெடுக்குமாக மின்கோடுகள் மட்டுமே. திரவப் படிகம் நிதானமாகத்தான் திரும்பும். அதற்குள் அம்பு கடந்துவிடும். பெட்டிகளுக்கு மேலும் கீழும் நிழல் விழுவதும் இந்த மின்கோடுகளால்தான். 640×480 வண்ணத் திரைக்குப் புள்ளிக்கு மூன்றாக 9,21,600 டிரான்சிஸ்டர்கள் வேண்டும். விலை எகிறாதா?

அதனால்தான் 1992இல் வந்த விண்டோஸ் 3.1இலேயே அம்புக்கு வால் முளைத்தது. பலர் அதை அலங்காரம் என்றே நினைத்தார்கள்!

கண்ட்ரோல் பேனலில் மவுஸ், அதில் மோஷன், அங்கே 'பாயின்டர் டிரெயில்ஸ்'. டிக் செய்தால் அம்பு தெரியும். நிழலுக்கு, கான்ட்ராஸ்ட்டைச் சற்றே குறைத்தால் போதும்.