ஓக் மரப் படகும் வேப்பமரக் கப்பலும்



கடல் இல்லாத சுவிஸில் மரக்கலம் கட்டிய வரலாறா என்று கேட்பீர்கள். நொசத்தல் ஏரிக்கரையில், ஓத்ரீவ் என்ற ஊரில், 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்ட லாத்தேனியம் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு ஒருமுறை போய் வாருங்கள். இதே ஏரியில், பெவே என்ற ஊருக்கு அருகே நீருக்கடியில் கிடைத்த உரோமர் காலத்துச் சரக்குப் படகு அங்கே இருக்கிறது. ஓக் மரத்தால் ஆனது. நீளம் ஏறத்தாழ 20 மீற்றர்.

அது கட்டப்பட்டது கி.பி. 182 அளவில். மரமே அந்த ஆண்டைச் சொல்லியது. நல்ல மழை பெய்த ஆண்டில் மரத்தின் வளையம் தடிக்கும். வரண்ட ஆண்டில் மெலியும். அந்த வரிசையைக் காலம் தெரிந்த மற்ற மரங்களோடு ஒப்பிட்டு, மரம் வெட்டப்பட்ட ஆண்டைக் கணிக்கிறார்கள்.

இந்தப் படகுக்கு ஏரா கிடையாது. அடிப்பாகம் தட்டையானது. ஆழமற்ற கரையிலும் ஒதுக்கிப் பாரம் ஏற்றலாம். பலகைகளின் இடைவெளியில் பாசியை அடைத்து, சிறு ஆணிகளால் இறுக்கியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் கலப்பத்து என்போமே, அதே வேலைதான். இந்த ஏரியின் நீர் தியேல் ஆற்றின் வழியாகப் பியேல் ஏரிக்கும், பின் ஆரே, ரைன் ஆறுகளின் வழியாக வடகடலுக்கும் போகிறது. அக்காலத்தில் ஆறுகளே பெருந்தெருக்கள்.

கட்டியவர்கள் வரைபடம் எதையும் விட்டுச் செல்லவில்லை. ஆனாலும் 1990களின் இறுதியில், பழைய படகை அளந்து பார்த்தே அதேபோல் ஒன்றைக் கட்டினார்கள். அதற்கு ‘அல்தாரிப்பா’ என்று பெயர். படகு சேற்றில் புதைந்து கிடந்து தப்பியதால், அதைக் கட்டிய தொழிலும் தப்பியது.

இனி எங்கள் வல்வெட்டித்துறையை நினைத்துப் பாருங்கள். அங்கே வேப்பமரத்தால் கட்டப்பட்ட 89 அடி நீளமான ‘அன்னபூரணி’யை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயர் மாற்றப்பட்ட அக்கப்பலைத் தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வைக் கடலோடிகளும் செலுத்திச் சென்று, 1938இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இந்தப் பயணத்தைப் பெருமையோடு பேசுகிறோம். ஆனால் எந்தப் பாகத்துக்கு எந்த மரம், வங்குக்கால்களை எப்படி வளைத்தார்கள், கலப்பத்துக்கு எதை இடித்துச் சேர்த்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் எத்தனை பேரால் விடை சொல்ல முடியும்?

இந்த அறிவு பெரும்பாலும் கைவழியாகவும் வாய்வழியாகவும் வந்தது. ஓக் மரப் படகைச் சேறு காத்தது போல மனிதரின் ஞாபகத்தை எதுவும் காக்காது. மேத்திரிமாரின் பிள்ளைகளும், தோணியில் போய்வந்த பெரியவர்களும் இன்று எங்கள் நடுவே, இந்த நாட்டின் தொடர்மாடிகளில் வாழ்கிறார்கள். அடுத்த ஞாயிறு அவர்களிடம் ஒரு தேநீருக்குப் போங்கள். கைத்தொலைபேசியை மேசையில் வைத்து, ஒலிப்பதிவை அழுத்திவிட்டுக் கேளுங்கள். மரத்தின் பெயர், உளியின் பெயர், காற்றின் பெயர் எல்லாவற்றையும் அவர்கள் சொல்லும் சொல்லிலேயே பதியுங்கள். வானொலிக்கும் ஒரு பிரதி தாருங்கள், ஒலிபரப்பக் காத்திருக்கிறோம்.