ரேடியோ லைசென்ஸ் புத்தகமும் ரவுட்டர் பெட்டியும்

போன மாதம் பரணில் இருந்த பழைய டிரங்குப் பெட்டியை இறக்கி ஒழித்தபோது அப்பாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் அகப்பட்டது. வருடத்துக்கு ஒரு கட்டண ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் தபால் ஆபீஸ் முத்திரை குத்திய சின்னப் புத்தகம். அதே வாரத்தில்தான் வீட்டுக்குப் புது ஃபைபர் இணைப்பும், கொம்பு வைத்த வெள்ளை ரவுட்டரும் வந்தன. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கவே அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கவேண்டும். இன்று என் வீட்டுக் கூடத்தில் இந்தப் பெட்டி இரவும் பகலும் ரேடியோ அலைகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. லைசென்ஸ் எங்கே என்று கேட்க ஆளில்லை. இது எப்படி நடந்தது என்பதைத்தான் இன்று எழுதப்போகிறேன்.

நான் 1973-ல் தபால் இலாகாவில் கிளார்க்காகச் சேர்ந்தேன். ஒரு சின்ன ஊர் ஆபீஸ். வருடப் பிறப்பை ஒட்டி லைசென்ஸ் புதுப்பிக்க வரும் கூட்டம் மணியார்டர் கூட்டத்துக்குச் சளைத்ததல்ல. வீட்டு ரேடியோவுக்கு ஒரு கட்டணம், டீக்கடையில் வைத்திருந்தால் அதைவிடக் கூடுதல். சோதனைக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்தால் தெருவில் பாதி ரேடியோ போர்வைக்குள் போய்விடும்! ஒருமுறை தையல்கடைக்காரர் ஒருவர் மூன்று வருடமாகப் புதுப்பிக்காத புத்தகத்தோடு வந்தார். அபராதத்தோடு எவ்வளவு என்று கூட்டிச் சொன்னேன். பேசாமல் போய்விட்டார். அடுத்த வாரம் பணத்தோடு வந்து கட்டினார். "ரேடியோவை வித்துட்டேன் சார், இதுக்கு மேல லைசென்ஸ் வேண்டாம்" என்றார். சட்டப்படி நான் செய்தது சரிதான். ஆனாலும் அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

சட்டம் அப்படி. 1885-ம் வருடத்துத் தந்திச் சட்டமும், 1933-ம் வருடத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் அலைகளை அரசாங்கத்தின் பிடியில் வைத்தன. லைசென்ஸ் இல்லாமல் கருவியை வைத்திருப்பதே குற்றம். எண்பதுகளின் நடுவில்தான் வானொலி, டெலிவிஷன் பெட்டிகளுக்கு லைசென்ஸ் போயிற்று. அதுவும் கேட்பதற்கும் பார்ப்பதற்கும் மட்டும். அலையை அனுப்புவதற்கு அல்ல.

இனி ரவுட்டருக்கு வருவோம். இணைப்புக் கொடுத்த பையன் போன பிறகு, பெங்களூரில் இருக்கும் பேரன் போனில் சொல்லச் சொல்ல நானே அதை அமைத்தேன். "தாத்தா, பிரவுசர்ல 192.168.1.1-னு அடிங்க" என்றான். அடித்தேன். ஒரு பக்கம் திறந்தது. அதில் வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு சரித்திரம் இருப்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் அந்த எண். இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டு. தொண்ணூறுகளிலேயே இது போதாது என்று தெரிந்துவிட்டது. 1994-ல் ஒரு வழி முன்வைக்கப்பட்டது. வெளியுலகுக்கு வீட்டுக்கு ஒரே முகவரி, உள்ளே நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் எண்கள். அதே வருடம் 192.168 என்று தொடங்கும் எண்களையும் வேறு சிலவற்றையும் உள்ளே மட்டும் பயன்படுத்துவதற்கென்று ஒதுக்கினார்கள். எங்கள் இலாகா பாஷையில் சொன்னால், பெரிய கம்பெனிக்கு ஒரே விலாசத்தில் தபால் பை போகும். அங்கே உள்ள குமாஸ்தா பிரித்து மேஜை மேஜையாகக் கொடுப்பார். ரவுட்டர் அந்தக் குமாஸ்தாதான். எல்லா ஊரிலும் ஒன்றாம் எண் மேஜை இருப்பதுபோல லட்சக்கணக்கான வீடுகளில் இதே 192.168.1.1 இருக்கிறது. குழப்பமே இல்லை.

அடுத்து, கம்பியில்லாமல் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் முறை. இது பிறந்த இடம் ஹவாய்த் தீவுகள். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஒரே பெரிய கம்ப்யூட்டர். மற்ற வளாகங்களோ வேறு வேறு தீவுகளில். டெலிபோன் லைனை நம்பமுடியாது, செலவும் அதிகம். நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் 1971-ல் ரேடியோ மூலம் இணைத்தார்கள். அதற்கு அலோஹாநெட் என்று பெயர். அவரவர் இஷ்டப்பட்ட நேரத்தில் செய்தியைத் துண்டு துண்டாக அனுப்பலாம். போய்ச் சேர்ந்தால் ஒப்புகை வரும். வராவிட்டால் இரண்டு பேர் ஒரே சமயத்தில் அனுப்பி மோதிவிட்டார்கள் என்று பொருள். கொஞ்ச நேரம் பொறுத்து, ஆளுக்கு ஒரு கால அளவில், மறுபடி அனுப்பவேண்டும். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை வரவில்லையென்றால் மறுபடி எழுதுவோமே, அதே கதை. இந்தக் கட்டுரையைப் படித்துத்தான் ராபர்ட் மெட்காஃப் 1973-ல் ஈதர்நெட்டை உருவாக்கினார். இன்றும் உங்கள் வை-ஃபை, ஒப்புகை வராத துண்டைச் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

மூன்றாவது கேள்வி, "2.4 வேண்டுமா, 5 வேண்டுமா?" இதுதான் லைசென்ஸ் கதையின் நடுப்பகுதி. 1947-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய உலக மாநாடு, சில அலைவரிசைகளைத் தொழிற்சாலை, விஞ்ஞானம், மருத்துவம் ஆகியவற்றுக்கான கருவிகளுக்கு ஒதுக்கியது. மைக்ரோவேவ் அடுப்பு 2.4 பட்டையில் வேலை செய்வது அதனால்தான். அடுப்பின் இரைச்சல் இருப்பதால் பேச்சுக்கு உதவாத இடம் என்று அதைக் குப்பைப் பட்டை என்றே எஞ்சினியர்கள் அழைத்தார்கள். மைக்கேல் மார்க்கஸ் என்ற எஞ்சினியரின் முயற்சியால், 1985 மே மாதம் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அந்தக் குப்பை மேட்டை எல்லோருக்கும் திறந்துவிட்டது. குறைந்த சக்தியில், அலையை அகலமாகப் பரப்பி அனுப்புவதானால் லைசென்ஸ் வேண்டாம். யாருக்கும் வேண்டாத புறம்போக்கில்தான் இன்று உலகமே குடியிருக்கிறது!

முதலில் அங்கே குடியேறியவர்களில் முக்கியமானவர்கள் கல்லாப் பெட்டிக்காரர்கள். என்.சி.ஆர். என்ற கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனிக்கு ஒரு தொல்லை. கடைக்காரர் அலமாரிகளை இடம் மாற்றும்போதெல்லாம் கம்பியைப் பிடுங்கி மறுபடி இழுக்கவேண்டும். நெதர்லாந்திலிருந்த அவர்களுடைய எஞ்சினியர்கள் கம்பியில்லாத வழி கண்டார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு முறை வைத்தால் ஒரு கம்பெனிக் கருவி இன்னொன்றோடு பேசாது. அவர்களில் ஒருவரான விக் ஹேய்ஸ், 1990 முதல் பத்து வருடம் ஒரு பொதுத் தரத்துக்கான குழுவுக்குத் தலைவராக இருந்தார். போட்டிக் கம்பெனிக்காரர்களை ஒரே மேஜையில் உட்காரவைத்து ஒப்புக்கொள்ளச் செய்ய ஏழு வருடம் பிடித்தது. 1997-ல் தரம் வந்தது. வேகம் வினாடிக்கு 2 மெகாபிட். 1999-ல் 11 ஆயிற்று. அந்த வருடம் ஆப்பிள் கம்பெனி 299 டாலர் விலையில் வீட்டுக்கான பெட்டியைக் கொண்டுவந்தது. வை-ஃபை என்ற பெயரும் அப்போது வைத்ததுதான். நம் காலத்து ஹை-ஃபையோடு எதுகையாக வரட்டும் என்று பெயர் சூட்டும் கம்பெனி ஒன்று கொடுத்த பெயர்.

இன்னொரு தடை இருந்தது. அறைக்குள் அலை சுவரிலும் பீரோவிலும் பட்டுத் தெறித்து, பல எதிரொலிகளாக வந்து குழப்பும். கல்யாண மண்டபத்து மைக்கில் பேசுகிறவர் சொல்வது புரியாதே, அதுபோல. இதற்கு ஒரு நல்ல விடை ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்தது. ஜான் ஓ'சல்லிவன் என்ற வானியலாளர், வெடிக்கும் மிகச் சிறிய கருந்துளைகளின் ரேடியோ ஒலியைத் தேடியவர். அது கிடைக்கவில்லை. ஆனால் கலங்கிய அலையைத் தெளியவைக்கும் கணக்கு கையில் இருந்தது. அதைக்கொண்டு அவரும் நண்பர்களும் தெறிக்கும் அலைப் பிரச்சினையைத் தீர்த்தார்கள். 1996-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பிறகு வழக்குகள் நடந்து அந்த நிறுவனத்துக்கு 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வந்தது. தேடியது கிடைக்காத தேடலும் வீணாவதில்லை.

நம் நாட்டுக்கு இந்தச் சுதந்திரம் வந்தது 2005 ஜனவரியில். குறிப்பிட்ட சக்திக்கு உட்பட்டு 2.4 பட்டையை வீட்டுக்குள்ளும் வெளியிலும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று விதி வந்தது. பி.எஸ்.என்.எல்.லின் டேட்டாஒன் பிராட்பேண்ட் தொடங்கியதும் அதே மாதம். 5 பட்டையில் சில பகுதிகளை முதலில் கட்டிடத்துக்குள் மட்டும் விட்டார்கள். 2018-ல் தாராளமாக்கினார்கள். ஆகவே பேரன் சொன்ன யோசனை இது: தூரத்து அறைக்கு 2.4, பக்கத்தில் இருக்கும் டிவிக்கு 5. உயர்ந்த அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4-ல் சேனல் கேட்டால் 1, 6, 11 இவற்றில் ஒன்று. மற்றவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பெட்டியை வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வைக்கவேண்டும். இரும்பு பீரோ, மீன் தொட்டி, மைக்ரோவேவ் அடுப்பு இவற்றின் பக்கத்தில் வேண்டாம்.

கடைசிக் கேள்வி, "பாதுகாப்பு எது?" இங்கேதான் நான் வெட்கப்படவேண்டிய விஷயம் இருக்கிறது. 2007-ல் முதல் ரவுட்டர் வந்தபோது அமைத்துக் கொடுத்தவர் பூட்டே போடவில்லை. நானும் கேட்கவில்லை. பாஸ்வேர்ட் இல்லாமல் சட்டென்று வருகிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

2008 ஜூலை 26-ம் தேதி அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சில நிமிடம் முன்னால் பொறுப்பேற்று வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஒரு வெளிநாட்டவரின் இணைப்பிலிருந்து புறப்பட்டிருந்தது. போலீஸ் அவர் வீட்டுக் கதவைத் தட்டியது. அவருடைய பூட்டாத வை-ஃபையை வேறு யாரோ பயன்படுத்தியது பிறகுதான் தெரிந்தது. அடுத்த வருடம் தொலைத்தொடர்புத் துறை, வை-ஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்கவேண்டும் என்று இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருடம் அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காமல், பையைச் சீல் வைக்காமல் அனுப்பாமல் வேலை பார்த்தவன் நான். என் வீட்டுத் தபால் பை ஒரு வருடத்துக்கு மேல் தெருவில் திறந்து கிடந்திருக்கிறது! கெடுதல் ஏதும் நேரவில்லை. அது என் அதிர்ஷ்டம், சாமர்த்தியம் அல்ல.

பூட்டுக்கும் சரித்திரம் உண்டு. முதல் பூட்டான டபிள்யூ.இ.பி. 2001-லேயே உடைக்கப்பட்டது. 2003-ல் டபிள்யூ.பி.ஏ., 2004-ல் அதன் இரண்டாம் பதிப்பு, 2018-ல் மூன்றாவது. உங்கள் பெட்டியில் மூன்று இருந்தால் அதையும், இல்லாவிட்டால் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். பழையதைத் தொடவே வேண்டாம். இன்னொன்று, வை-ஃபை பாஸ்வேர்ட் வேறு, அமைப்புப் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்ட் வேறு. இரண்டாவது பெரும்பாலும் 'அட்மின்' என்றே வரும். அதை முதல் நாளே மாற்றிவிடுங்கள். புதியதை ஒரு டைரியில் எழுதி பீரோவில் வையுங்கள். நம் வயதுக்கு ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

2020 ஊரடங்கில் எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த பெண், பத்தாவது படிக்கும் மகளோடு வந்து வாசலிலேயே நின்றாள். "சார், பாப்பாவுக்கு ஆன்லைன் கிளாஸ். போன்ல நெட்டு தீர்ந்துபோச்சு" என்றாள். ஒரு துண்டுச் சீட்டில் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தேன். அந்தக் குழந்தை எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து வருடம் முழுக்கப் படித்தது. இந்தத் தடவை கூட்டிச் சொல்ல அபராதம் எதுவும் இல்லை. தையல்கடைக்காரரை நினைத்துக்கொண்டேன்.

அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. புது பாஸ்வேர்டை அதில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.