கம்பிச்சடக்கு

என் பாட்டி வாயிலிருந்து 'தண்டவாளம்' என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. 'கம்பிச்சடக்கு' என்பார். மலாயாத் தமிழில் சடக்கு என்றால் சாலை. கம்பி போட்ட சாலை கம்பிச்சடக்கு. தாத்தா மலாயா ரயில்வேயில் காங் வேலை பார்த்தவர். சல்லியை அடித்து இறுக்குவது, உளுத்த கட்டையை மாற்றுவது, போல்ட்டை முடுக்குவது, வெயில் ஏறுவதற்குள் தன் பங்குத் தூரத்தை நடந்து பார்த்துவிடுவது. அவர் நடந்த பாதை இன்று ஓட்டப் பயிற்சிக்காரர்களும் சைக்கிள்காரர்களும் போகிற 24 கிலோமீட்டர் பசுமைப் பாதை. நானும் அதில் ஓடியிருக்கிறேன். பாட்டியிடம் சொன்னபோது, "சும்மாவா ஓடுற? ஒங்க தாத்தாவுக்கு அதுக்குச் சம்பளம் குடுத்தாங்க" என்றார்.

சிங்கப்பூரின் முதல் ரயில் 1903 ஜனவரி 1 அன்று டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரை ஓடியது. அதே ஆண்டு பாதை வடகரையைத் தொட்டுவிட்டது. டேங்க் ரோடு என்றதும் நமக்கு ரயிலா ஞாபகம் வரும்? தைப்பூசம்தான். 1859இல் செட்டியார்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் இருக்கிற அதே சாலையில்தான் நாட்டின் முதல் ரயில் முனையம் இருந்தது. வட்டிக்கடைச் செட்டியார் பெட்டியோடு ஏறியிருப்பார். அவர் ஏறிய பெட்டி ஓடுவதற்குச் சல்லி கொட்டியவனும் தமிழன்தான். இருவரும் ஒரே முருகனைக் கும்பிட்டார்கள் என்பதால் ஒரே சமூகம் என்று சொல்லிவிட முடியுமா, தெரியவில்லை.

இன்னொரு தமிழனும் அந்த ரயிலில் இருந்தான். கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வேக்கு 1901இல் பொது மேலாளராக வந்தவர் சார்லஸ் எட்வின் ஸ்பூனர். இலங்கையில் பொதுப்பணித் துறையில் இருந்துவிட்டு மலாயாவுக்கு வந்தவர். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்களின் அருமை அவருக்குத் தெரியும். எழுத்தராக, ஸ்டேஷன் மாஸ்டராக அவர்கள் வந்து சேர்ந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்களுக்குக் கம்பியும் கடப்பாரையும், பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குப் பேனாவும் கொடியும். பேசிய மொழி ஒன்று, சாப்பிட்ட மேசை வேறு. 'ரயில்வேத் தமிழர்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எந்தத் தமிழர் என்று கேட்கத் தோன்றும் எனக்கு.

1923இல் ரயில் கடற்பாலத்தின் மேல் ஓடத் தொடங்கியது. பாலத்தின் அதிகாரபூர்வத் திறப்பு விழா 1924 ஜூனில் நடந்தது. அதுவரை படகேறிக் கடந்த ஜொகூர் நீரிணை, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான கருங்கல் கரையாகிவிட்டது. ஜொகூர் பாருவும் உட்லண்ட்ஸும் எல்லை ஊர்களாகும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இரண்டு கரையும் வெள்ளைக்காரன் சொல் கேட்டு நடந்தவைதானே. பாஸ்போர்ட் வந்ததெல்லாம் 1967இல். அதற்குப் பிறகுதான் அத்தை வீட்டுக்குப் போவது வெளிநாட்டுப் பயணம் ஆனது.

1932இல் பாதையைத் திருப்பினார்கள். புக்கிட் தீமாவிலிருந்து நகருக்குள் வந்த பழைய தடத்தைக் கைவிட்டு, குவீன்ஸ்வே பக்கமாக வளைத்துத் தஞ்சோங் பகாரில் புதிய நிலையம் கட்டினார்கள். முகப்பில் நான்கு பெரிய பளிங்குச் சிலைகள். வேளாண்மை, தொழில், வணிகம், போக்குவரத்து என்று அவற்றுக்குப் பெயர். செதுக்கியவர் இத்தாலியரான ரூடால்ஃபோ நோலி. எந்தச் சிலைக்கும் என் தாத்தா சாயல் இல்லை.

அதே 1932இல் குவீன்ஸ்வேயில் தண்டவாளத்தின் அருகே ரயில்வேத் தொழிலாளர்கள் ஒரு குடில் போட்டு முனியாண்டியை வைத்தார்கள். இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிதாக நிற்கும் முனீஸ்வரன் கோயிலின் தொடக்கம் அதுதான். ஊரில் முனி எல்லைச்சாமி. வயல் முடிகிற இடத்தில், ஊருக்கு வெளியே, காவலுக்கு நிற்பவர். சிங்கப்பூரின் நடுவில் அவருக்கு என்ன எல்லை என்று சின்ன வயதில் யோசித்ததில்லை. பிறகுதான் புரிந்தது. 1918இல் ஒரு சட்டம் போட்டு, ரயில்பாதை நிலத்தைக் கூட்டு மலாய் மாநிலங்களின் கையில் கொடுத்திருந்தார்கள், பெரும்பகுதியை 999 ஆண்டுக் குத்தகையாக. 1965இல் இரண்டு நாடுகளும் பிரிந்த பிறகும் அந்தக் குத்தகை செல்லுபடியானது. நாட்டின் வடக்கிலிருந்து தெற்குவரை, குடியிருப்புகளின் முதுகுப்பக்கமாக, அடுத்த நாட்டு ரயில்வேயின் கையில் ஒரு நீண்ட துண்டு நிலம். முனியாண்டி சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறார்.

இடையில் போர். சயாம்–பர்மா ரயில்பாதை, 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் அங்கே செத்தார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை நம்மில் பலர் படித்திருப்போம். மரணத்துக்கு ஒரு நாவலாவது கிடைத்தது. முப்பது வருஷம் சாகாமல் சல்லி அடித்தவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டோமோ?

நிலத்துக்கு வருகிறேன். 1990 நவம்பரில் லீ குவான் இயூவும் மலேசிய நிதியமைச்சர் டாயிம் சைனுதீனும் கையெழுத்திட்டார்கள். நிலையம் தஞ்சோங் பகாரை விட்டு நகர வேண்டும், பதிலுக்கு நிலங்களைக் கூட்டாக மேம்படுத்தலாம். அதற்கு என்ன பொருள் என்று இருபது வருஷம் சண்டை. 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசிய அதிகாரிகள் தஞ்சோங் பகாரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆக, வடக்கே போகும் பயணி முதலில் மலேசியாவுக்குள் நுழைவார், அப்புறம் இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சிங்கப்பூரை விட்டு வெளியேறுவார். இதைக் கதையில் எழுதியிருந்தால் மாய யதார்த்தம் என்று விமர்சனம் வந்திருக்கும். டிக்கெட்டிலும் ஒரு கூத்து. ஜொகூரில் ஏறினால் ரிங்கிட், இங்கே ஏறினால் அதே எண்ணிக்கையில் வெள்ளி. விவரம் தெரிந்தவர்கள் கடற்பாலத்தை பஸ்ஸில் தாண்டிப் போய் அங்கே ரயில் ஏறினார்கள்.

2010 மே மாதம் லீ சியன் லூங்கும் நஜிப்பும் முடிவுக்கு வந்தார்கள். 2011 ஜூன் 30 இரவு பதினோரு மணி வாக்கில் கடைசி ரயில் கிளம்பியது. ஓட்டியவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம். கடற்பாலம் திறந்த காலத்தில் அரியணையில் இருந்தவர் அவருடைய கொள்ளுத்தாத்தா. நான் புக்கிட் தீமா நிலையத்தில் கூட்டத்தோடு நின்றேன். அந்தச் சின்ன நிலையத்தில், ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து வளையம் மாட்டிய டோக்கனைக் கையால் வாங்கிக்கொள்ளும் பழைய முறை கடைசிவரை நடந்தது. ஆயிரம் கேமராக்கள். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் காட்டினேன். "ஓட்டுனது ராஜாவா?" என்று கேட்டுவிட்டு, படத்தைப் பெரிதாக்கச் சொல்லித் தண்டவாளத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சல்லி கொறஞ்சுபோச்சு" என்றார்.

அந்த மாதம்தான் என் பெரியப்பா குடும்பம் ஸ்பூனர் ரோடு குடியிருப்பைக் காலி செய்தது. ஆமாம், அந்த ஸ்பூனர் பெயர்தான். கெமுனிங், மெலாத்தி என்று பூப்பெயர் வைத்த இரண்டு ரயில்வே அடுக்குமாடிகள். பெரியப்பா மலேசியக் குடிமகன். பிறந்தது, வேலை பார்த்தது, பெண் எடுத்தது எல்லாம் இந்தத் தீவில். ஆனாலும் அவர் இருந்தது இன்னொரு நாட்டு நிலம், நிலம் போனதும் அவரும் போனார். தஞ்சோங் பகார் நிலையத்தைத் தேசியச் சின்னமாக்கினோம். புக்கிட் தீமாவின் இரும்புப் பாலங்களைக் காப்பாற்றினோம். அதற்காகக் குரல் கொடுத்தவர்களை நான் மதிக்கிறேன், நானும் கையெழுத்துப் போட்டவன்தான். மனுவில் பறவைகள் இருந்தன, மரங்கள் இருந்தன. பெரியப்பா இல்லை. அன்று அதைக் கவனிக்கவில்லை என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

விட்டுக்கொடுத்த நிலத்துக்கு மாற்றாக மரினா சவுத்திலும் ஓஃபிர்–ரோச்சோரிலும் மனைகள் தரப்பட்டன. இரண்டாவதில் எழுந்தவைதான் தேன்கூடு போன்ற முகப்புள்ள டுவோ கோபுரங்கள். தேக்காவிலிருந்து நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் சாப்பிட்டுவிட்டுக் குவீன் ஸ்திரீட்டில் ஜொகூர் பஸ் பிடிக்கப் போகும்போது அவை கண்ணில் படும். தாத்தாவின் சல்லிக்கல் என் கணக்கில் அந்தக் கண்ணாடிகளாகத்தான் மாறியிருக்கிறது.

போன தீபாவளிக்கு மறுநாள் பஸ்ஸை விட்டுவிட்டு உட்லண்ட்ஸிலிருந்து தெப்ராவ் ரயிலில் போனேன். ஐந்து வெள்ளி. திரும்பி வரும்போது ஐந்து ரிங்கிட். மாறாதது அது ஒன்றுதான். ஐந்து நிமிடத்தில் ஜே.பி. சென்ட்ரல். பெரியப்பா வெளியே காத்திருந்தார். தண்டவாளத்தை ஒட்டியிருக்கும் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அதுவும் 1922இல் ஒரு குடிலாகத் தொடங்கியதுதான். உள்ளே பளபளப்பில் எனக்குக் கண் கூசியது. அவர் சீக்கிரம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து நின்றார். சரக்கு ரயில் ஒன்று போனது. பெட்டிகளை எண்ணிக்கொண்டே, "பாட்டிக்கு முட்டிவலி தேவலையா?" என்று கேட்டார்.