பதினெட்டு ரன்னுக்குச் சராசரியும் 18: எம்.ஜே. கோபாலன் கணக்கு

‘சராசரி, ஸ்ட்ரைக் ரேட், எகானமி இதெல்லாம் என்னன்னு ஒரு தடவை பொறுமையா சொல்லுங்க’ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. செங்கல்பட்டுல பள்ளிக்கூட நாள்ல எங்க டீமுக்கு ஸ்கோர் நோட்டு எழுதினவன் நான். பேட்டிங் வராதவன் கையில்தானே பென்சிலைக் கொடுப்பாங்க! அதனால நம்ம மாவட்டத்துக்காரர் ஒருத்தரை வச்சே சொல்றேன்.

மொறப்பாக்கத்தில் பிறந்த எம்.ஜே. கோபாலன். ஆடியது ஒரே ஒரு டெஸ்ட்: 1934 ஜனவரி, கல்கத்தா, இங்கிலாந்துக்கு எதிராக. ஒரு இன்னிங்ஸில் 11 நாட் அவுட், இன்னொன்றில் 7. மொத்தம் 18 ரன். சராசரி எவ்வளவு? 9-னு சொல்லத் தோணும். ஆனா 18. காரணம், ரன்னை இன்னிங்ஸால் வகுக்கறதில்லை, எத்தனை முறை அவுட் ஆனார் என்பதால் வகுக்கிறோம். அவர் அவுட் ஆனது ஒரு முறைதான்.

பந்துவீச்சில் 114 பந்து, 39 ரன், 1 விக்கெட். ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்தான் சராசரி: 39. ஒரு விக்கெட்டுக்குச் செலவான பந்து ஸ்ட்ரைக் ரேட்: 114. பேட்டிங்கில் ஸ்ட்ரைக் ரேட்னா நூறு பந்துக்கு எத்தனை ரன் என்பது. பேர் ஒன்று, கணக்கு வேறு. இங்கேதான் பலபேர் குழம்பறாங்க. எகானமி என்பது ஓவருக்கு எத்தனை ரன். 114 பந்துன்னா 19 ஓவர், அப்போ இரண்டுக்குச் சற்று மேல். விக்கெட் அதிகம் வரல, ஆனா யாரையும் சுலபமா அடிக்கவும் விடல.

இதை மட்டும் பார்த்தா சாதாரண ஆட்டக்காரர்னு தள்ளிடுவோம். முதல்தர ஆட்டங்களுக்குப் போங்க: 78 ஆட்டம், 194 விக்கெட், பந்துவீச்சுச் சராசரி 24.20. பேட்டிங் சராசரி 24.92. பேட்டிங் எண் மேலேயும் பந்துவீச்சு எண் கீழேயும் இருந்தா நல்ல ஆல்ரவுண்டர். இவருக்கு மயிரிழை வித்தியாசம்தான், ஆனா சரியான பக்கம். ஒரு டெஸ்டை விட 78 ஆட்டம் சொல்றதைத்தான் நான் நம்புவேன்.

ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவரும் இவரே. 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், மைசூருக்கு எதிராக. மைசூர் 48, 59, மெட்ராஸ் 130. ஒரே நாளில் ஆட்டம் காலி. அதில் ஏ.ஜி. ராம்சிங் 35 ரன்னுக்கு 11 விக்கெட். சராசரியை நீங்களே போட்டுப் பாருங்க, 3.18 வரும்.

சரி, இப்படிப்பட்டவருக்கு ஏன் ஒரே டெஸ்ட்? 1935-ல் தியான் சந்தோடு நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போன ஹாக்கி அணியிலும் இருந்தவர் இவர். 1936-ல் ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் தேர்வு, மறுபக்கம் இங்கிலாந்து கிரிக்கெட் பயணம். கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. இங்கிலாந்தில் நடந்த மூன்று டெஸ்டில் ஒன்றில்கூட இவரை இறக்கல. ‘ஆட்டங்கள்’ என்ற கட்டத்தில் 1, அப்படியே நின்னு போச்சு.