போர்டை அறிந்தது யார்? கெர்னல் கான்ஃபிக் வரலாறும் ‘சக்தி’ தரும் ஒரு சான்றும்

லினக்ஸ் கெர்னலைக் கான்ஃபிகர் செய்யும் முறை வளர்ந்த கதையை எழுதுவோர் பெரும்பாலும் எரிக் ரேமண்ட் போட்ட தடத்திலேயே நடக்கிறார்கள். 2000, 2001ஆம் ஆண்டுகளில் அவர் சிஎம்எல்2 என்ற மொழியை முன்வைத்தபோது கூடவே ஒரு வரலாற்றையும் முன்வைத்தார். பழைய முறையின் நோய் அதன் மொழியில் இருந்தது என்பது அவர் வாசிப்பு. ஒரே விதிக்கோப்பைக் கேள்வி-பதிலாக ஓடும் ஷெல் நிரல் ஒருவிதமாகப் படித்தது. மெனு காட்டும் நிரல் வேறுவிதமாகப் படித்தது. டிசிஎல்/டிகே சாளரம் மூன்றாவது விதமாகப் படித்தது. விதிகள் ஒன்றையொன்று வெட்டின, கேள்விகள் பெருகின. முரணான விடை பிறக்கவே வழியில்லாதபடி ஒரு மொழியைச் செய்துவிட்டால் நோய் தீரும் என்றார். 2002 தொடக்கத்தில், கணினியின் உள்விவரம் எதுவும் அறியாத ‘டில்லி அத்தை’ என்றொரு கற்பனைப் பாத்திரத்தைக் கொண்டுவந்தார். அந்த அத்தையும் தன் கெர்னலைத் தானே கட்டிக்கொள்ள முடியவேண்டும் என்பதே அவர் வைத்த அளவுகோல்.

முடிவு தெரிந்ததுதான். சிஎம்எல்2 ஏற்கப்படவில்லை. ரோமன் சிப்பெல் எழுதிய கேகான்ஃபிக் 2002 அக்டோபர் இறுதியில் 2.5.45ஆம் பதிப்பில் நுழைந்து இன்றுவரை நிலைத்திருக்கிறது. ரேமண்டின் வேலை அளவில் பெரியது, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னது, கட்டும் கணினியில் பைதான் இருக்கவேண்டும் என்றது, அவருடைய குணமும் சேர்ந்துகொண்டது என்று காரணம் சொல்வார்கள். இந்தக் காரணங்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் மறுப்பு, ரேமண்டும் அவரை மறுத்தவர்களும் ஒருசேர ஒப்புக்கொண்ட ஓர் அடிப்படை மீது. ஒரு வன்பொருளைப் பற்றிக் கெர்னலுக்குத் தெரியவேண்டியது எல்லாம் ‘.கான்ஃபிக்’ கோப்பில், அதாவது கட்டும் நேரத்தில் ஒருவர் சொல்லும் விடைகளில், இருக்கிறது. ஆகவே சண்டை கேள்வி கேட்கும் விதத்தைப் பற்றியது என்று இரு தரப்பும் நம்பின.

மேசைக் கணினிக்கு இது ஏறக்குறைய சரி. பிசிஐ பாதையில் செருகிய அட்டை, கேட்டால் தன் பெயரைச் சொல்லும். இயங்கிக்கொண்டிருக்கும் கணினியைத் துழாவி விடைகளைத் தானே நிரப்பும் கருவிக்கு ரேமண்ட் ஆதரவு தந்தது அதனால்தான். அந்தக் கருவியின் உள்ளே சொல்லப்படாத ஒரு நிபந்தனை இருக்கிறது: கட்டும் கணினியும் ஓடும் கணினியும் ஒன்றே. டெவலப்மென்ட் போர்டில் இந்த நிபந்தனை முதல் நாளே உடைகிறது. கெர்னல் கட்டப்படுவது மடிக்கணினியில். ஓடுவது வேறு கட்டளைத்தொகுதி உடைய ஒரு சில்லில். அந்தச் சில்லுக்குள் தொடர்முனையம் (யுஆர்ட்) எந்த முகவரியில் இருக்கிறது, அதன் இன்டரப்ட் எந்தக் கம்பியில் வருகிறது என்பதை எந்தப் பாதையில் கேட்டாலும் பதில் வராது. தவறான முகவரியைத் தொட்டுப் பார்த்தால் போர்டு உறைந்துபோகும். டில்லி அத்தைக்கு எவ்வளவு எளிய கேள்வி கேட்டாலும் அவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அனுபவமுள்ள பொறியாளரும் சில்லின் கையேட்டைப் புரட்டித்தான் சொல்வார்.

அப்படியென்றால் அந்த அறிவு எங்கே இருந்தது? 2001இல் பெங்களூரில் அறிமுகமான சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினி, இன்டெல்லின் ஸ்ட்ராங்ஆர்ம் சில்லின் மேல் லினக்ஸ் ஓட்டியது. அந்தக் காலத்து ஏஆர்எம் வழக்கில் ஒவ்வொரு போர்டுக்கும் பதிவேட்டில் ஓர் எண் உண்டு. பூட்லோடர் அந்த எண்ணை ஒரு ரெஜிஸ்டரில் வைத்துக் கெர்னலிடம் கொடுக்கும். கெர்னல் அதைத் தனக்குள் சேர்த்துக் கட்டப்பட்ட சி மொழிக் கோப்போடு ஒப்பிட்டு ‘இது இன்ன போர்டு’ என்று தெரிந்துகொள்ளும். முகவரிகளும் கம்பிகளும் அந்த சி கோப்பில்தான் இருந்தன. கான்ஃபிக்கில் இருந்தது ‘இந்தப் போர்டு வேண்டுமா?’ என்ற ஒற்றைக் கேள்வி மட்டும். ரேமண்ட் சீர்திருத்த முனைந்த விதிகளுக்கு வெளியே, சி நிரலாக, உண்மையான கான்ஃபிக் குவிந்துகொண்டிருந்தது. அவர் வாசிப்பில் அது கணக்கிலேயே வரவில்லை.

இதற்கு 2010இல் ஒரு நல்ல சான்று கிடைக்கிறது. ஏஆர்எம் அடைவில் போர்டுக்கு ஒன்றாகக் கிடந்த முன்னிருப்புக் கான்ஃபிக் கோப்புகளை லினஸ் டோர்வால்ட்ஸ் மொத்தமாக நீக்கிவிடப் போவதாகச் சொன்னார். அப்போது ஊவே க்ளைனே-கோனிக் செய்த சுருக்கத்தில் ஒன்றேமுக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள் போயின. எந்தப் போர்டும் அதனால் நின்றுபோகவில்லை. நீக்கப்பட்டவை எல்லாம் கேகான்ஃபிக் தானே ஊகிக்கக்கூடிய விடைகள். அத்தனை வரிகளிலும் போர்டைப் பற்றிய அறிவு அநேகமாக இல்லை என்றுதான் இதற்குப் பொருள். 2011 மார்ச்சில் ஏஆர்எம் நிரலைப் பற்றி டோர்வால்ட்ஸ் எழுதிய கோபமான மடலையே திருப்புமுனையாகக் காட்டுவோர் இந்த முந்தைய ஆண்டைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள்.

அந்த அறிவைக் கெர்னலுக்கு வெளியே தனி ஆவணமாக எழுதிவைக்கும் டிவைஸ் ட்ரீ வந்த கதையை இங்கே விரிக்கத் தேவையில்லை. 1994இன் ஓப்பன் ஃபர்ம்வேர் தரத்தில் வேர். 2005இல் பெஞ்சமின் ஹெரன்ஷ்மிட் பவர்பிசிக்காகத் தட்டையாக்கிய வடிவம். 2008இல் ஒட்டாவா கருத்தரங்கில் கிராண்ட் லைக்லியும் ஜோஷ் பாயரும் படித்த கட்டுரை. 2012 டிசம்பரில் 3.7ஆம் பதிப்பில் பல ஏஆர்எம் போர்டுகளுக்கு ஒரே கெர்னல். நடந்ததை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்வதானால், வராக நதிப் பாசனத்தில் எந்த மடையில் யார் வயல் பாய்கிறது என்பதற்கு அடங்கல் என்ற கணக்கு நோட்டு இருந்தாலும் அதைப் படித்துச் சொல்லத் தெரிந்தவர் பரம்பரைக் கர்ணம் ஒருவரே என்றிருந்தது. 1980இல் அந்தப் பதவி ஒழிந்தபின், யார் எடுத்துப் பார்த்தாலும் அடங்கலே பேசவேண்டியதாயிற்று. சி கோப்பு கர்ணம், டிவைஸ் ட்ரீ அடங்கல்.

இனி என் சான்றுக்கு வருகிறேன். சென்னை ஐஐடியின் ரைஸ் குழு 2014இல் தொடங்கிய ‘சக்தி’ செயலித் திட்டம் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத்தொகுதியைப் பின்பற்றுவது. 2018 ஜூலையில் அதன் ரைஸ்க்ரீக் சில்லில் லினக்ஸ் எழுந்தது. சில்லு இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையில் செய்யப்பட்டது. அதே ஆண்டில் சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் முறையில் ரிமோ வந்தது. நாம் வாங்கிப் பயன்படுத்தக்கூடிய வடிவம் வேறு: ஆர்ட்டி ஏ7 என்ற எஃப்பிஜிஏ போர்டின் 100டி வகையில் சி-வகுப்புக் கருவை ஏற்றினால் அதற்கு ‘வஜ்ரா’ என்று பெயர். சிறிய இ-வகுப்புக் கருவுக்குப் ‘பினாகா’, ‘பரசு’. (புராண ஆயுதங்களைத் தேர்ந்த கை யாருடையதோ, நன்றாகத்தான் தேர்ந்திருக்கிறது.)

கெர்னலுக்கு முன் ஓடும் ஓப்பன்எஸ்பிஐ என்ற ஃபர்ம்வேரின் மூலநிரலில் தொடர்முனையங்களை அடையாளம் காணும் அட்டவணைகள் உண்டு. அவற்றுள் ஒன்றில் ‘சக்தி,யுஆர்ட்0’ என்று ஒரே ஒரு பெயர் பதிவாகியிருக்கிறது. டிவைஸ் ட்ரீயில் ஒரு கருவியின் வகையைச் சொல்லும் பெயர், ‘செய்தவர், மாதிரி’ என்ற வாய்பாட்டில் அமைவது. அதன் இறுதியில் நிற்கும் பூச்சியம் எதைக் குறிக்கிறது?

இரண்டு வாசிப்புகள் சாத்தியம். சக்தியின் மென்பொருள் தொகுப்பில் மூன்று தொடர்முனையங்கள் உண்டு. முதலாவது பதினாறடிமான எண்ணில் 11300 என்ற முகவரியிலும், மற்ற இரண்டும் 11400, 11500 ஆகியவற்றிலும் உள்ளன. பெயர்கள் யுஆர்ட்0, 1, 2. இதை வைத்துப் பார்த்தால் பூச்சியம் வரிசை எண், முதல் முனையம் என்று பொருள். மற்றொரு வாசிப்பு: சைஃபைவ் நிறுவனம் தன் வன்பொருள் கூறுகளுக்குப் பெயரோடு பதிப்பு எண்ணைச் சேர்த்து எழுதும் வழக்கத்தைக் கெர்னல் ஆவணத்திலேயே பதிந்துள்ளது. அங்கே ‘சைஃபைவ்,யுஆர்ட்0’ என்றால் பூச்சியமாம் பதிப்பு.

நான் இரண்டாவதை ஏற்கிறேன். பூச்சியம் வரிசை எண்ணாக இருந்தால் மூன்றாம் முனையத்தைக் கன்சோலாக வைக்க விரும்புபவர் ‘யுஆர்ட்2’ என்று எழுதவேண்டும். அப்படி எழுதினால் அட்டவணை அதை அறியாது. வகைப்பெயரில் வரிசை எண்ணைக் குழைப்பது அந்தப் பெயரின் பயனையே கெடுக்கும். மேலும், லினக்ஸ் ஓடும் ரிஸ்க்-ஃபைவ் போர்டு என்று 2018இல் பரவலாகக் கண்முன் இருந்தது சைஃபைவின் ஹைஃபைவ் அன்லீஷ்ட். அதன் டிவைஸ் ட்ரீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பிறர் எழுதியிருப்பார்கள். இரு தொடர்முனையங்களின் ரெஜிஸ்டர் அமைப்பு வேறு, டிரைவரும் வேறு. பெயரின் அச்சு மட்டும் ஒன்று. சான்று மெலியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே அச்சு இரு இடங்களில் தனித்தனியே பிறக்கவும் கூடும். ஆனால் வரிசை எண் வாசிப்பு அதைவிட மெலிது.

இந்த ஒற்றைப் பெயரில் இவ்வளவு நேரம் நின்றது, அது இருக்கும் இடத்துக்காக. அது கெர்னலில் இல்லை, ஃபர்ம்வேரில் இருக்கிறது. ரிஸ்க்-ஃபைவில் கெர்னல் ஒரு படி கீழான அதிகாரத்தில் ஓடுகிறது. திரையில் ஓர் எழுத்து வேண்டுமென்றால் எஸ்பிஐ என்ற இடைமுகத்தின் வழியே (வங்கி அல்ல) ஃபர்ம்வேரிடம் கேட்கலாம். அதற்கான ஒரு தெரிவைக் கான்ஃபிக்கில் இயக்கிவிட்டால், சக்தியின் தொடர்முனையத்தைப் பற்றி ஒன்றும் அறியாத கெர்னலும் அதன் வழியே பேசும். சிம்ப்யூட்டர் காலத்தில் பூட்லோடர் கொடுத்தது ஓர் எண். வஜ்ராவில் கொடுப்பது டிவைஸ் ட்ரீ நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரி. எண் கொடுத்தால் அறிவு கெர்னலுக்குள் இருக்கவேண்டும். முகவரி கொடுத்தால் வெளியே இருக்கலாம்.

ஆயினும் ‘கான்ஃபிக் தேவையற்றுப்போனது’ என்ற எதிர்முனைக்கு நான் போகவில்லை. சக்தியே அதைத் தடுக்கிறது. சி-வகுப்புக் கரு ப்ளூஸ்பெக் மொழியில் எழுதப்பட்டது. எந்தக் கட்டளை நீட்சிகள் வேண்டும் என்பதை ஒரு யாமல் கோப்பில் எழுதிச் செயலியையே கட்டிக்கொள்ளலாம். இடம் மிச்சமாக்கப் புள்ளி எண் கணக்குப் பகுதியை விட்டுவிட்டால், கெர்னல் டிவைஸ் ட்ரீயில் கட்டளைத்தொகுதியைச் சொல்லும் ஐஎஸ்ஏ வரியைப் பார்த்துப் புரிந்துகொண்டு ஒதுங்கிப்போகும். சுருக்கக் கட்டளைகளான ‘சி’ நீட்சியை விட்டுவிட்டால் கதை வேறு. கெர்னலின் ‘ரிஸ்க்வி ஐஎஸ்ஏ சி’ என்ற தெரிவு முன்னிருப்பாகவே இயங்கியிருக்கும். அப்படிக் கட்டிய கெர்னலின் தொடக்கக் கட்டளைகளிலேயே செயலி அறியாத கட்டளை வந்துவிடும். ஓப்பன்எஸ்பிஐயின் முகப்புப் படம் திரையில் வந்து நிற்கும். அதன்பின் கெர்னலின் ஒரு வரிகூட வராது. டிவைஸ் ட்ரீயில் உண்மை எழுதியிருந்தும் பயனில்லை, அதைப் படிக்கவேண்டிய நிரலே ஓடவில்லை. 32 பிட்டா 64 பிட்டா, நினைவக மேலாண்மைப் பகுதி உண்டா என்பனவும் இந்த வகை. ஆவணத்தைப் படிக்கும் முன்பே தெரிந்திருக்கவேண்டியவை எவையோ அவை மட்டுமே கட்டும் நேரத்தில் தங்கியாகவேண்டும் என்பதே என் எல்லைக்கோடு.

இந்த எச்சத்தைப் பொறுத்தவரை ரேமண்டுக்கு ஒரு நியாயம் உண்டு. கேகான்ஃபிக்கில் ஒரு தெரிவு மற்றொன்றைக் கட்டாயமாக இயக்கும் ‘செலக்ட்’ என்ற சொல், அந்த மற்றொன்றின் சார்புகளைப் பார்ப்பதில்லை. அதைக் கவனமாகப் பயன்படுத்துங்கள் என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கிறது. முரணான விடை பிறக்கவே கூடாது என்று அவர் கேட்ட உறுதி இன்றும் முழுமையாகக் கிடைக்கவில்லை. அவர் தவறியது மொழியில் அல்ல. அந்த மொழி எவ்வளவு பெரிய பரப்பை ஆளவேண்டும் என்ற மதிப்பீட்டில்.

பக்கத்து ஊர்ச் சான்று ஒன்றையும் குறிக்கவேண்டும், லினக்ஸ் மரபில் அதைச் சேர்க்காவிட்டாலும். தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்டு, எதிர்ப்புக்கும் வழக்குகளுக்கும் இடையே எழாமல் நிற்கும் நியூட்ரினோ ஆய்வகத்தின் பெரிய உணர்கருவிக்கு 28,800 மின்தடைத் தட்டு அறைகள் வேண்டும். அவற்றிலிருந்து தரவு எடுக்க வடிவமைக்கப்பட்ட தொகுதியின் நடுவில் இருப்பதும் ஓர் எஃப்பிஜிஏ. அதற்குள் மென்கருச் செயலி. வலைத்தொடர்புக்கோ டிசிபி/ஐபியை வன்பொருளிலேயே கொண்ட விஸ்நெட் சில்லு. மதுரையில் 85 டன் அளவில் ஒரு சிறு மாதிரி இயங்குகிறது. பல்லாயிரம் தொகுதிகளுக்குத் தனித்தனி விடைகளோடு தனித்தனி நிரல் கட்டுவது நடவாத காரியம். ஒரே நிரல், தொகுதிக்குரிய அறிவு வெளியிலிருந்து என்ற ஏற்பாட்டுக்கு அங்கும் வந்தாகவேண்டும். வலை நெறிமுறையைச் சில்லுக்கே தள்ளிவிட்டது அந்தத் திசையில் ஒரு படி என்று நான் வாசிக்கிறேன். செலவும் மின்திறனும்தான் காரணம் என்று வாதிடுவோரை மறுக்க என்னிடம் வலுவான ஆதாரம் இல்லை.

காலவரையறை ஒன்று மிஞ்சுகிறது. போர்டைப் பற்றிய அறிவு கெர்னலை விட்டு வெளியேறியது சக்தியின் வரலாற்றில் எப்போது? 2018 ஜூலையை வைக்கத் தோன்றும். ஆனால் அந்நாளில் ரிஸ்க்-ஃபைவில் வழக்கமாக இருந்த பெர்க்லி பூட்லோடர், கெர்னலைத் தனக்குள் சேர்த்தே ஒரே கோப்பாகக் கட்டப்படுவது. அறிவு கெர்னலை விட்டு வந்திருந்தாலும் கட்டும் நேரத்தை விட்டு வரவில்லை. ஓப்பன்எஸ்பிஐ 2019இல் வந்தது. அதன் பொதுத் தளத்தில், போர்டுக்கென்று தனி நிரல் இல்லாமல் டிவைஸ் ட்ரீயை மட்டும் பார்த்து நடக்கும் வகையில், சி-வகுப்பு சேர்ந்தது அதன் பின்னர். 2021இல் க்யூஎமு என்ற எமுலேட்டரின் 6.1ஆம் பதிப்பு ‘சக்தி சி’ என்ற இயந்திரத்தைச் சேர்த்தபோது தொடர்முனையம் அதே 11300 முகவரியில் இருந்தது. வெளியார் கையிலும் ஆவணம் நிலைபெற்றுவிட்டது. ஆகவே 2018க்கும் 2021க்கும் இடையில் என்று மட்டுமே சொல்வேன். பூச்சியத்தைப் பற்றிய என் வாசிப்பு சரியானால் பெயர் அந்த இடைவெளியின் முற்பகுதியைச் சேர்ந்தது. தவறானால் பெயரை வைத்துக் காலம் கணிக்க முடியாது.